நாலு கட்டம் மிச்சம்

துணி பழசாகும். கிழியும். ஆனால் துணியின் ஆயுள் அதோடு முடிந்து போவதில்லை.

நம் நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் பழைய துணிகளைச் சேர்த்து வைக்கிறார்கள். அவற்றைத் துவைத்துக் காயவைக்கிறார்கள். கெட்டியாக இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். துணிகளை அடுக்கி விரித்து, ஊசி நூலால் ஒன்றாகத் தைக்கிறார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும், கீழே விரித்துப் படுக்கவும் கனமான போர்வை கிடைக்கிறது. இந்தப் பாடத்தில் இதை ஒட்டுப் போர்வை என்று சொல்வோம்.

ஊருக்கு ஊர் இதன் பெயர் மாறும். வங்காளத்தில் இது காந்தா. பீகாரில் சுஜனி. மகாராஷ்டிரத்தில் கோதடி. வட கர்நாடகத்தில் கௌதி. ராஜஸ்தானின் மேற்குப் பகுதியில் ரல்லி. கலப்பது, சேர்ப்பது என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து ரல்லி என்ற பெயர் வந்தது. பொருத்தமான பெயர்தான்!

கட்டம் என்றால் என்ன?

ரல்லி தைக்கும் பெண்கள் முதலில் முழுப் போர்வையைத் தைப்பதில்லை. சிறிய துண்டுகளை இணைத்துச் சதுரம் சதுரமாகத் தைக்கிறார்கள். அந்தச் சதுரம்தான் கட்டம். சில கட்டங்களில் முக்கோணத் துண்டுகள் இருக்கும். சிலவற்றில் பூப்போல வெட்டி ஒட்டிய துணி இருக்கும். கட்டங்களை வரிசையாக இணைத்தால் போர்வையின் மேல்பக்கம் தயார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கட்டத்தின் அளவு நீளம் 10 அங்குலம், அகலம் 10 அங்குலம். அகலத்தில் 6 கட்டம். நீளத்தில் 8 கட்டம்.

6 × 8 = 48 கட்டங்கள்.

போர்வையின் அகலம் 60 அங்குலம். அதாவது 5 அடி. நீளம் 80 அங்குலம். அதாவது 6 அடி 8 அங்குலம். ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

ஆனால் எல்லோரும் சரியாக 48 கட்டம் தைப்பதில்லை. இரண்டு மூன்று கூடிவிடும். ஒரு கட்டத்தின் நிறம் மற்றவற்றோடு சேராது. ஒரு கட்டம் அளவு தப்பிப் போயிருக்கும். இப்படித்தான் கட்டங்கள் மீந்து போகின்றன.

மாமியாரும் மருமகளும்

ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் ரல்லி தைத்து முடித்துவிட்டாள். பெட்டியில் நாலு கட்டம் கிடக்கிறது.

"அத்தை, நாலு கட்டம் மீந்து போச்சு. அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கட்டுமா?"

"ஏன் அம்மா, ஒரு கட்டம் தைக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அப்படின்னா நாலு கட்டத்துக்கு?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரம் களையெடுக்கப் போயிருந்தால் கூலி கேட்டிருப்பாய் அல்லவா? இப்போது உன் அரை நாள் வேலையை அடுப்பில் போடப் பார்க்கிறாயே!"

மருமகள் சிரித்துவிட்டாள். கட்டங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமியார் சொன்னது சரிதானே? மீந்த கட்டம் வெறும் துணி அல்ல. வெட்டிய வேலை, இணைத்த வேலை, தைத்த வேலை எல்லாம் அதற்குள் இருக்கிறது. வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. எழுதாத வேலையை எளிதாகத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

இனி, மீந்த கட்டத்தில் என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் துணியைச் சோதியுங்கள்

எல்லாத் துணியும் எல்லாவற்றுக்கும் உதவாது. இது பருத்தியா, பாலியஸ்டரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

துணியிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி எடுங்கள். இடுக்கியால் பிடியுங்கள். கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். நூலின் நுனியில் தீக்குச்சியைக் காட்டுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பருத்தி நூல் காகிதம் எரிவது போல எரியும். காகிதம் எரியும் வாசனை வரும். மெல்லிய சாம்பல் விழும்.

பாலியஸ்டர் நூல் சுருங்கும். உருகும். ஆறியதும் நுனியில் கெட்டியான மணி போல நிற்கும்.

இரண்டும் கலந்த துணியும் உண்டு. அதில் சாம்பலும் இருக்கும், கெட்டியான துகளும் இருக்கும்.

உருகும் துணியை அடுப்படியில் பயன்படுத்தக்கூடாது. உருகிய துணி தோலில் ஒட்டிக்கொள்ளும். காயம் ஆழமாகும். பிடிதுணிக்குப் பருத்தி மட்டுமே ஏற்றது.

இன்னொரு சோதனை, சாயம். கட்டத்தின் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் தேயுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் சாயம் போகிறது என்று பொருள். அந்தக் கட்டத்தை மற்றவற்றோடு சேர்த்துத் தைக்காதீர்கள். ஒரே சலவையில் எல்லாம் கெட்டுவிடும்.

ஒரு கட்டம் போர்வைக்கே

மீந்ததில் ஒரு நல்ல கட்டத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது அந்தப் போர்வைக்கே உரியது.

போர்வை எங்கே முதலில் கிழியும்? கழுத்துப் பக்கம் கிழியும். கால் பக்கம் கிழியும். அதே நிறம், அதே துணி பின்னால் கிடைக்காது. அப்போது இந்தக் கட்டம் கை கொடுக்கும். கிழிந்த இடத்தின் மேல் வைத்து, நான்கு ஓரமும் மடித்துத் தைத்தால் போதும். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.

போர்வையைத் துவைக்கும்போதெல்லாம் இந்தக் கட்டத்தையும் துவையுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி வெளுக்கும்.

ஒரு கட்டத்தில் பிடிதுணி

சூடான பாத்திரத்தை இறக்க நாம் கரித்துணி பிடிக்கிறோம். சில நேரம் முந்தானையைப் பிடிக்கிறோம். முந்தானை தீப்பிடித்து எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. ஒரு பிடிதுணி இருந்தால் முந்தானை தேவைப்படாது.

செய்முறை இதோ:

1. ஒரு பருத்திக் கட்டத்தை எடுங்கள்.
2. அதன் அடியில் பழைய பருத்தி வேட்டித் துணியை நான்கு மடிப்பாக வையுங்கள்.
3. நெருக்கமாக நூல் ஓட்டுங்கள். ஊசி எல்லா மடிப்பையும் குத்தி வெளியே வர வேண்டும்.
4. ஓரத்தை உள்ளே மடித்துத் தையுங்கள்.
5. ஒரு மூலையில் சின்ன வளையம் வையுங்கள். அடுப்புக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஈரமான பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொடக்கூடாது. உலர்ந்த துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. அது சூட்டைத் தடுக்கிறது. ஈரத் துணியில் காற்றின் இடத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் சூட்டை வேகமாகக் கைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஒரு கட்டத்தில் மடிப்புப் பை

காந்தா என்றால் போர்வை மட்டும் அல்ல. வங்காளப் பெண்கள் அதே தையலில் சிறு பொருள்களும் செய்துவந்தார்கள். கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைக்க ஓர் உறை. அதன் பெயர் ஆர்ஷிலதா. புத்தகத்தையும் விலை உயர்ந்த பொருளையும் கட்டி வைக்க ஒரு சதுரத் துணி. அதன் பெயர் பேட்டன். காசு வைக்க ஒரு மடிப்புப் பை. அதன் பெயர் துர்ஜனி.

துர்ஜனி செய்ய ஒரே ஒரு சதுரம் போதும். வெட்டவே வேண்டாம்.

1. கட்டத்தின் பின்பக்கம் மெல்லிய பழைய துணி இரண்டு மடிப்பு வைத்து நூல் ஓட்டுங்கள். ஓரங்களை மடித்துத் தையுங்கள்.
2. வண்ணப் பக்கம் தரையைப் பார்க்கட்டும். ஒரு மூலை மேலே, ஒரு மூலை கீழே இருக்கும்படி வையுங்கள்.
3. இடது மூலையை நடுவுக்கு மடியுங்கள். வலது மூலையை நடுவுக்கு மடியுங்கள். கீழ் மூலையையும் நடுவுக்கு மடியுங்கள்.
4. மூன்று மூலைகளும் நடுவில் சந்திக்கும். ஓரங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தைத்துவிடுங்கள்.
5. மேல் மூலைதான் பையின் மூடி. அதன் நுனியில் ஒரு நாடா தையுங்கள். மூடியைக் கீழே மடித்து, நாடாவைச் சுற்றிக் கட்டுங்கள்.

தபால் உறை போல இருக்கிறதா? அதுதான் துர்ஜனி. 10 அங்குலக் கட்டத்தில் ஏறக்குறைய 7 அங்குலப் பை கிடைக்கும். ரேஷன் அட்டை, வங்கிப் பாஸ் புத்தகம், அடையாள அட்டை எல்லாம் அதில் வைக்கலாம். முக்கியமான தாள்கள் ஒரே இடத்தில் இருக்கும். தேவைப்படும்போது வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம்.

இரண்டு கட்டம், நான்கு கட்டம்

இரண்டு கட்டம் இருந்தால் ஒரு கைப்பை தைக்கலாம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கீழேயும் இரு பக்கமும் தையுங்கள். பழைய புடவையின் கரையை நான்காக மடித்துத் தைத்தால் உறுதியான கைப்பிடி கிடைக்கும். பிள்ளையின் சிலேட்டும் நோட்டும் இதில் போகும்.

நான்கு கட்டம் இருந்தால் உட்காரும் விரிப்பு தைக்கலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு. 20 அங்குலச் சதுரம் ஆகும். அடியில் பழைய சாக்குத் துணி வைத்துத் தைத்தால் தரையின் குளிர் ஏறாது. கற்றல் மையத்துக்கு எடுத்துப் போக வசதியாக இருக்கும்.

கோணிப் போன கட்டம், அளவு தப்பிய கட்டம் என்ன ஆவது? அவற்றை நீளவாக்கில் கிழித்துச் சுருட்டி வளையமாகத் தையுங்கள். சும்மாடு ஆகிவிடும். ராஜஸ்தான் பெண்களும் தலையில் குடம் சுமக்கும்போது இப்படி ஒரு வளையம் வைக்கிறார்கள். சிலர் அதில் மணியும் குஞ்சமும் கட்டி அழகு செய்கிறார்கள்.

கைக்குழந்தைக்கு எதுவும் தைத்தால் கவனம் தேவை. பித்தான், மணி, கண்ணாடித் துண்டு வைக்காதீர்கள். அவை கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

துண்டுக்கும் மதிப்பு உண்டு

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்கள். இந்த மக்களின் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் தனித்தனியாகக் கட்டம் தைப்பதில்லை. போர்வையின் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து, நடுப்பகுதியை நோக்கித் தைத்துக்கொண்டே போகிறார்கள். கையில் கிடைக்கும் துண்டு எந்த அளவில் இருந்தாலும் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூப்போல வைக்கிறார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை முழுமை அடையாது என்பது அவர்களின் எண்ணம். கடைசி மூலையைத் தைத்து மூடும் முன் சிலர் உள்ளே சில அரிசி மணிகளை வைப்பார்கள். போர்வையின் வயிறு காலியாக இருக்கக்கூடாதாம்!

பீகாரில் கந்தல் துணிக்கே ஒரு தெய்வம் உண்டு. பெயர் சித்திரியா மா. கந்தல்களின் தாய் என்று பொருள். பிறந்த குழந்தையைப் பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்த மென்மையான விரிப்பில் சுற்றுவது அங்கே வழக்கம். அந்த விரிப்புதான் சுஜனியாக வளர்ந்தது.

கந்தலைக் கேவலமாக நினைக்காத மக்கள் இவர்கள்.

விற்பதானால் கணக்கு எழுதுங்கள்

வீட்டுக்குத் தைப்பது வேறு, விற்பதற்குத் தைப்பது வேறு. விற்பதானால் கணக்கு வேண்டும். ஒரு மடிப்புப் பையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இது ஓர் உதாரணம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

நூல் – 10 ரூபாய்
நாடா – 8 ரூபாய்
பொருள் செலவு – 18 ரூபாய்

கட்டம் தைத்த நேரம் – 1 மணி
நூல் ஓட்டிய நேரம் – 1½ மணி
மடித்துத் தைத்த நேரம் – ½ மணி
மொத்த நேரம் – 3 மணி

மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால், 3 × 50 = 150 ரூபாய்.

பொருள் செலவும் கூலியும் சேர்த்து, 18 + 150 = 168 ரூபாய்.

இப்போது ஒரு வியாபாரி வருகிறார். "மீந்து போன துணிதானே, 100 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?

100 ரூபாயில் 18 ரூபாய் பொருளுக்குப் போனால் மீதி 82 ரூபாய். 3 மணி நேர வேலைக்கு 82 ரூபாய். மணிக்கு 27 ரூபாய்தான் சொச்சம். எழுதிப் பார்க்காதவருக்கு 82 ரூபாய் லாபம் போலத் தெரியும். எழுதிப் பார்த்தவருக்கு 68 ரூபாய் நஷ்டம் என்று தெரியும்.

கட்டம் தைத்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம், கவனித்தீர்களா? துணி மீந்தது. உழைப்பு மீந்ததல்ல. அதற்குக் கூலி கேட்கலாம். வியாபாரி சொல்லும் விலைக்கு ஒத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் கணக்குத் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

ஒரு கட்டத்தில் உங்கள் பெயர்

கடைசியாக ஒரு யோசனை. இது புதிதாக எழுதக் கற்றவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

வங்காளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காக ஒரு காந்தா தைத்தார். தன் கையால் தைத்ததை அதிலேயே நூலால் எழுதியும் வைத்தார். அந்தக் காந்தா கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத் தொகுப்பில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் காந்தா தைத்த பெண்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. மானதாசுந்தரியின் பெயர் தெரிகிறது. காரணம், அவர் எழுதி வைத்தார்.

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1988-ல் பெண்கள் ஒன்றுகூடிச் சுஜனித் தையலுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் பூவும் பறவையும் மட்டும் தைக்கவில்லை. வரதட்சணைக் கொடுமையைத் தைத்தார்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைத் தைத்தார்கள். வாயால் சொல்லத் தயங்கியதை ஊசியால் சொன்னார்கள்.

நீங்களும் சொல்லலாம். மீந்த கட்டம் ஒன்றை எடுங்கள். துண்டு போடாத வெற்றுத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது. பென்சிலால் உங்கள் பெயரை எழுதுங்கள். ஊர், மாதம், ஆண்டு எழுதுங்கள். எழுத்தின் மேல் வேறு நிற நூலை ஓட்டுங்கள். அந்தக் கட்டத்தைப் போர்வையின் மூலையில், உள்பக்கம் தைத்துவிடுங்கள்.

போர்வை பல ஆண்டுகள் உழைக்கும். பேரனோ பேத்தியோ ஒருநாள் அதைப் போர்த்திக்கொள்வார்கள். மூலையைப் புரட்டி, எழுத்துக் கூட்டி, இதைத் தைத்தது யார் என்று படிப்பார்கள்.

பேசுவோம்

1. உங்கள் வீட்டில் பழைய துணியை என்ன செய்கிறீர்கள்?
2. மருமகளிடம் மாமியார் கேட்ட கேள்வி என்ன? அதை ஏன் கேட்டார்?
3. ஈரமான பிடிதுணி ஏன் கூடாது?
4. வீட்டில் நீங்கள் செய்யும் எந்தெந்த வேலைகளுக்குக் கணக்கு எழுதுவதில்லை?

கணக்குப் போடுவோம்

1. அகலத்தில் 5 கட்டம், நீளத்தில் 7 கட்டம் என்றால் போர்வைக்கு எத்தனை கட்டம் வேண்டும்? 40 கட்டம் தைத்திருந்தால் எத்தனை மீதி?
2. ஒரு பிடிதுணிக்கு நூல் செலவு 6 ரூபாய். வேலை 2 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி. என்ன விலைக்கு விற்கலாம்?

எழுதுவோம்

கட்டம், மிச்சம், உழைப்பு, கூலி, பெயர். இந்த ஐந்து சொற்களையும் வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். ஐந்தாவது வாக்கியத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும்.